டிரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்புக்கு எந்த டர்போ ஹோஸ்: ரப்பரா, சிலிக்கோனா, உலோகக் குழாயா?

டர்போ அழுத்தும் காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் டர்போ ஹோஸ். காலி வண்டியில் வருடக்கணக்காகத் தொந்தரவே தராத அது, டிரெய்லரை மாட்டிக்கொண்டு நீண்ட ஏற்றம் ஏறும்போதுதான் ‘டப்’பென்று போகும். அப்புறம் காற்று சீறும் சத்தம், பின்னால் கரும்புகை, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. புது வண்டிகளில் புகை வடிகட்டி இருப்பதால் கரும்புகை கண்ணில் படாமலும் போகலாம். கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். பழுது பார்க்கும்போது வருகிற கேள்வி ஒன்றுதான். கம்பெனி ரப்பர் ஹோஸையே திரும்பப் போடலாமா, சிலிக்கோனுக்கு மாறலாமா, உலோகக் குழாயே வைத்துவிடலாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் எதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வரை (சூட்டுப் பக்கம்) ஒரு கணக்கு. அங்கிருந்து இன்ஜின் வரை (குளிர்ப் பக்கம்) வேறு கணக்கு. இன்னொன்று, ஹோஸைத் தேர்ந்தெடுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கண்டுகொள்வதே இல்லை. கழன்றுபோகும் ஹோஸ்களில் நிறைய, கிழியாமல் முழுசாகத்தான் கழன்றிருக்கும்.

சுமை இழுக்கும்போது என்ன மாறுகிறது

காலி வண்டியில் முழு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) என்பது ஒரு லாரியை முந்தும் சில நொடிகள்தான். டிரெய்லருடன் மலை ஏறும்போது அதே பூஸ்ட் பல நிமிடங்கள் விடாமல் நிற்கும். காற்றை அழுத்தினால் சூடாகும். கடும் சுமையில் டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 150 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். 200-ஐ நெருங்குவதும் உண்டு. இன்டர்கூலரைக் கடந்ததும் சூடு பெருமளவு இறங்கிவிடும், ஆனால் அழுத்தம் அவ்வளவாக இறங்காது. அதனால்தான் சூட்டுப் பக்க ஹோஸ் வெந்து சாகிறது; குளிர்ப் பக்க ஹோஸ் பெரும்பாலும் கழன்று போகிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 76 மில்லிமீட்டர் குழாயில் 2 பார் பூஸ்ட் என்றால், இணைப்பைப் பிரித்துத் தள்ளும் விசை சுமார் 90 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் அந்த ஹோஸில் தொங்குவதற்குச் சமம். இது போதாதென்று, முறுக்குவிசை ஏறும்போது இன்ஜின் தன் மவுன்ட்டில் ஒரு பக்கமாகச் சாயும். சட்டத்தில் பொருத்திய இன்டர்கூலர் அசையாது. இரண்டுக்கும் நடுவில் ஹோஸ்தான் வளைந்து கொடுக்க வேண்டும்.

எண்ணெயையும் மறக்கக் கூடாது. இன்ஜினின் அடிப்பாகமான கிரான்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி டர்போ வழியாகப் போவதால் குழாய்களின் உட்புறத்தில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். பிடிமானத்தையும் அதுதான் கெடுக்கிறது, ஹோஸின் உள்சுவரையும் அதுதான் அரிக்கிறது.

கம்பெனி ரப்பர்

இதைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. டர்போ ஹோஸில் வருவது சாதாரண ரப்பர் இல்லை. எத்திலீன் அக்ரிலிக், எபிகுளோரோஹைட்ரின் போன்ற, எண்ணெயைத் தாங்கும் ரகங்கள். நடுவில் இழைத் துணி வைத்து வார்த்திருப்பார்கள். வளைவு அந்த வண்டிக்கென்றே செய்ததால் இழுத்து, முறுக்கி மாட்ட வேண்டியதில்லை. எண்ணெயைப் பொறுத்தவரை சாதா சிலிக்கோனைவிட இதுதான் மேல்.

குறை சூட்டில்தான். சூட்டுப் பக்கத்தில் வருடங்கள் போகப் போக இறுகி வெடிப்பு விடும், அல்லது எண்ணெயில் ஊறி நொய்ந்துபோகும். இன்ஜின் ஆறியதும் கையால் அமுக்கிப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் கெட்டியாகவோ தொளதொளவென்றோ இருந்தாலும், இரண்டு கிளாம்புக்கு நடுவே வயிறு தள்ளியிருந்தாலும் அதன் காலம் முடிந்தது.

சிலிக்கோன்

சுமார் 180 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும், வருடங்கள் போனாலும் இறுகாது. சூட்டுப் பக்கத்துக்கு இதுதான் பொருத்தம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சந்தையில் பளபளவென்று நீலமும் சிவப்புமாகத் தொங்குவதெல்லாம் ஒன்றில்லை. வெறும் சிலிக்கோனுக்கு எண்ணெய் ஆகாது. சுவருக்குள் ஊறி, வெளிப்புறம் வியர்த்ததுபோல் கசியும், அப்புறம் அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: உள்ளே எண்ணெயைத் தாங்கும் ஃப்ளோரோசிலிக்கோன் பூச்சு இருக்கிறதா? இரண்டாவது: வலுவூட்டும் துணி பாலியெஸ்டரா, சூடு தாங்கும் செயற்கை இழையான அராமிடா? நீண்ட நேரச் சூட்டுக்கு அராமிட்தான். துணி அடுக்கு குறைந்தது நான்கு இருக்கட்டும். நிறத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உரசல்தான் இதன் பரம எதிரி. ஃபேன் உறையோ பிராக்கெட்டின் விளிம்போ தொட்டுக்கொண்டிருந்தால் ரப்பர் பல மாதம் தாக்குப்பிடிக்கும். சிலிக்கோனில் சின்னக் கீறல் விழுந்தாலே கிழிசல் ஓடிவிடும். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இல்லாத இடத்தில் இதைப் போடாதீர்கள்.

உலோகக் குழாய்

உலோகம் வீங்காது, வேகாது, எண்ணெய்க்கும் அஞ்சாது. ஆனால் ‘இனி ஹோஸ் பிரச்சினையே இல்லை’ என்று நினைப்பது தவறு. இரண்டு முனையிலும் ரப்பரோ சிலிக்கோனோ இணைப்புத் துண்டு வந்தே தீரும். கழல்வது அந்த இடம்தான். முனையில் புடைப்பு வளையம் இல்லாத, வெட்டிவிட்டதுபோல் வழவழவென்று இருக்கும் குழாயைத் தொடாதீர்கள். 90 கிலோ விசையில் அது நழுவாமல் என்ன செய்யும்?

கம்பெனி பிளாஸ்டிக் குழாய் உள்ள இடத்தில் மட்டும் உலோகத்துக்கு நான் தயங்காமல் ஓட்டுப் போடுவேன். 2011-16 மாடல் ஃபோர்டு 6.7 லிட்டர் டீசல் பிக்கப்பின் குளிர்ப் பக்க பிளாஸ்டிக் குழாய் இதற்குப் பேர்போன உதாரணம். சுமை இழுக்கிறவர்கள் பலர் அதை உலோகமாக மாற்றிவிடுவார்கள்.

கிளாம்ப்

திருகு வைத்த சாதா ஹோஸ் கிளிப்பைச் சிலிக்கோன் மேல் இறுக்கிக் கொஞ்ச நாள் கழித்துக் கழற்றிப் பாருங்கள். பட்டையின் ஓட்டைகள் வழியாகச் சிலிக்கோன் சின்னச் சின்னக் கட்டமாகப் பிதுங்கி, சில இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். டர்போ ஹோஸுக்கு அது வேண்டாம். ஓட்டையில்லாத முழுப் பட்டையை போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கும் டீ-போல்ட் கிளாம்ப் குறைந்தபட்சத் தேவை. அதிலும் ஸ்பிரிங் வைத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். சூடேறி ஆறி ஹோஸ் சுவர் அமுங்க அமுங்க, ஸ்பிரிங் கூடவே இறுகி வரும். சாதா டீ-போல்ட் அங்கே தளர்ந்துவிடும். கிளாம்ப், குழாய் முனையிலிருந்து பார்த்தால் புடைப்பு வளையத்தைத் தாண்டி உள்பக்கமாக உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே இறுக்கினால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை.

மாட்டும் முன் குழாய், ஹோஸ் இரண்டின் எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைத்து, காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வழுக்கி உள்ளே போகட்டும் என்று கிரீஸ் தடவுவது வேலைக்கே உலை. ஹேர் ஸ்பிரே அடித்து மாட்டும் பழக்கம் கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நிஜமாகவே உதவும். ஈரத்தில் வழுக்கும், காய்ந்ததும் பசையாகப் பிடிக்கும். முதல் கனத்த ஓட்டம் முடிந்து இன்ஜின் ஆறியதும் ஒருமுறை இறுக்கம் பார்த்துவிடுங்கள்.

நான் போடுவது

சூட்டுப் பக்கம் ஃப்ளோரோசிலிக்கோன் பூச்சுள்ள அராமிட் ஹோஸ். குளிர்ப் பக்கம் கம்பெனி ரப்பர். அங்கே பிளாஸ்டிக் குழாய் இருந்தால் மட்டும் உலோகம். எல்லா இணைப்பிலும் ஸ்பிரிங் டீ-போல்ட். மொத்தத்தையும் ஒரே நிறச் சிலிக்கோன் செட்டாக மாற்றுவது பானெட்டைத் திறந்து காட்ட நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

வழியில் கழன்றால், ஓரங்கட்டி ஆறவிட்டு, துடைத்து மாட்டி இறுக்கினால் பெரும்பாலும் ஊர் போய்ச் சேரலாம். கிழிந்திருந்தால் கதை வேறு. தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கோன் டேப் சுற்றலாம், ஆனால் அது பூஸ்ட்டைத் தாங்காது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, மிதிக்காமல், பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப் வரை உருட்டிப் போகத்தான் ஆகும். ஹோஸ் திறந்த நிலையில் சுமையோடு மலை ஏற முயல வேண்டாம். எதிர் அழுத்தம் இல்லாததால், சாதாரணமாகவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் டர்போ இன்னும் வேகம் பிடிக்கும். பூஸ்ட் இல்லாத நேரத்தில் இன்ஜின் அந்தத் திறப்பு வழியாக வடிகட்டாத தூசிக் காற்றை இழுக்கும். வெளியேறும் புகையின் சூடும் ஏறிக்கொண்டே போகும். நூறு கிராம் ரப்பரில் முடிந்திருக்க வேண்டிய செலவு டர்போவில் போய் நிற்கும்.