4,75,000 ரூபாய் போச்சு: பட்டா சுத்தம், வில்லங்கச் சான்று சுத்தம், நிலம் பள்ளிவாசல் மானியம்

கீழக்கரையிலிருந்து சாயல்குடிப் பக்கம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பழைய தென்னந்தோப்புகளில் வெள்ளைக் கல் ஊன்றி மனை விற்கிறார்கள். அங்கே இடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 5 சென்ட் மனை, சென்ட் 1,40,000 வீதம் 7,00,000 ரூபாய் பேசி, 4,75,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அது வக்ஃப் நிலம், அதாவது பள்ளிவாசலுக்கென்று அல்லாஹ்வின் பெயரால் தர்மமாக (மானியமாக) விட்ட நிலம். இருபது நாள் அலையவிட்டு, நேற்றுதான் "பணம் இப்போதைக்கு வராது" என்று வாய் திறந்து சொன்னார்கள்.

வழக்குக்குப் போவதால் பெயர் எழுதவில்லை. மனை பிரித்து விற்கும் உள்ளூர் நிறுவனம், அவ்வளவுதான். என்னென்ன பார்த்திருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாகத் தருகிறேன்.

முதலில் எப்படி நம்ப வைத்தார்கள் என்பது. மேசையில் ஒரு கோப்பை விரித்தார்கள். கணினிப் பட்டா, 1995 முதல் எடுத்த 30 வருட வில்லங்கச் சான்று, 1988-ல் பதிந்த ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், வக்கீல் கையெழுத்துப் போட்ட லீகல் ஒப்பீனியன், கடைசியாக அதே லேஅவுட்டில் முன்வரிசை மனை ஒன்றின் பதிவான கிரயப் பத்திரம். "பக்கத்து மனைக்குப் பத்திரம் பதிஞ்சு வீடே கட்டிட்டாங்க காக்கா (அண்ணன்). கவர்மெண்டே பதிஞ்சு கொடுத்ததுக்கு அப்புறம் என்ன சந்தேகம்?" இந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தோம். அங்கேயே 50,000. பத்து நாளில் வங்கி வழியாக 4,25,000.

அந்த ஐந்து காகிதமும் போலி இல்லை. அதுதான் கொடுமை. ஐந்துமே அசல், ஆனால் எந்தக் காகிதமும் நிலம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

பாகப்பிரிவினையை எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கள் தகப்பனார் அனுபவத்தில் இருந்துவந்த" என்று எழுதி, அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். தகப்பனாருக்கு எந்தப் பத்திரத்தின் மூலம் வந்தது? எண் இல்லை, வருடம் இல்லை. அவர் அந்தப் பள்ளிவாசலின் முத்தவல்லியாக இருந்து தோப்பைப் பார்த்துக்கொண்டவர். முத்தவல்லி நிர்வாகிதான், சொத்தில் அவருக்கு விற்கும் உரிமையும் கிடையாது, வாரிசுக்குப் பிரித்துக் கொடுக்கும் உரிமையும் கிடையாது. அந்தப் பாகப்பிரிவினை 1988. வில்லங்கம் போட்டது 1995-லிருந்து. ஏன் 30 வருடத்தோடு நிறுத்தினார்கள் என்று இப்போது புரிகிறது. இன்னும் பின்னால் போட்டிருந்தாலும் முழுதாகத் தெரிந்திருக்காது. பதிவான ஆவணம் மட்டும்தான் வில்லங்கச் சான்றில் ஏறும். இந்தக் கரையில் பழைய வக்ஃப் பலவும் பதிவுக்கே வராதவை. வாய்மொழியாக விட்டது, சேதுபதி மன்னர்கள் காலத்தில் தர்காவுக்கும் பள்ளிக்கும் மானியமாக விட்டது, பட்டயத்திலும் இனாம் (மானிய நில) பதிவேட்டிலும் மட்டும் இருப்பது.

அடுத்து பட்டா. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நம் மாவட்டத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். 1980-களில் யு.டி.ஆர். என்ற நில ஆவண மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். பழைய அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களின் சர்வே எண்வாரி வருவாய்ப் பதிவேடு) "பள்ளிவாசல், முத்தவல்லி இன்னார்" என்று இருந்த இடத்தில், புதுப் பட்டாவில் "இன்னார்" மட்டும் நின்றுவிட்டது. "பள்ளிவாசல்" என்ற சொல் விழுந்துபோனது. அப்புறம் அது பிள்ளைகள் பெயருக்கு வாரிசுப் பட்டா ஆனது. பட்டா உரிமை ஆவணம் அல்ல என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. இனாம் ஒழிப்புச் சட்டத்தில் தனிப் பெயருக்குப் பட்டா வாங்கியிருந்தாலும் வக்ஃப் தன்மை போகாது என்று 1998-ல் ஆந்திர வக்ஃப் வாரிய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது: ஒருமுறை வக்ஃப் ஆனது எப்போதும் வக்ஃப்.

அப்படியானால் முன்வரிசை மனை எப்படிப் பதிவானது? உட்பிரிவு எண்ணில் இருக்கிறது சூது. எண்ணை மாற்றி எழுதுகிறேன், முறை இதுதான். வக்ஃப் வாரியப் பட்டியலில் இருப்பது பழைய எண்: 112/3, ஒரு ஏக்கர் 62 சென்ட். யு.டி.ஆர். பதிவில் அது 112/3ஏ, 3பி, 3சி, 3டி என்று நாலாக உடைந்து, பரப்பும் ஹெக்டேரில் மாறிவிட்டது. நாலையும் கூட்டினால் 65.5 ஏர், ஒரு ஏர் 2.47 சென்ட், அதே ஒரு ஏக்கர் 62 சென்ட். பதிவுத்துறைக் கணினியில் தடை போட்டபோது சில உட்பிரிவுகள் ஏறின, சில விடுபட்டன. விடுபட்டதில் முன்வரிசையை முதலில் விற்றார்கள். தடை உள்ளதை அந்தப் பத்திரத்தைக் காட்டியே விற்றார்கள். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவின்படி வக்ஃப் சொத்தை உரிய அனுமதி இல்லாமல் பதியக் கூடாது. விடுபட்ட எண்ணில் பதிவானதால் மட்டும் முன்வரிசைக்காரர்களின் பத்திரம் செல்லுபடி ஆகிவிடாது. வக்ஃப் சட்டத்தின் 2013 திருத்தத்துக்குப் பிறகு வக்ஃப் சொத்தின் கிரயம், தானம், பரிவர்த்தனை, அடமானம் எல்லாம் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை. பாவம், அவர்களுக்கு இன்னும் தெரியாது.

வக்கீல் ஒப்பீனியனில் முதல் வரியே "பார்வைக்கு வைக்கப்பட்ட நகல்களின்படி". என்ன வைத்தார்களோ அதற்குத்தான் கருத்து. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவலையும் காட்டுவார்கள், அது சாலை அகலம், மனை அளவு சம்பந்தப்பட்டது, உரிமையைப் பற்றியது அல்ல.

இனி இருபது நாள் கேட்ட பதில்கள்.

"போர்டுல என்.ஓ.சி. வாங்கித் தர்றோம், ரெண்டு வாரம்." வராது. வாரியம் தடையில்லாச் சான்று தருவது, ஆவணங்களைப் பார்த்து "இது எங்கள் சொத்து அல்ல" என்று சொல்வதற்கு. தன் பதிவேட்டில் உள்ள வக்ஃபை மனை போட்டு விற்க அல்ல.

"அப்ப வேற மனை மாத்திக்குங்க காக்கா." ஆசையாகத்தான் போய்ப் பார்த்தோம். அது 3சி. அதே தாய் எண்.

"பவர் எழுதித் தர்றோம், வீடு கட்டிக்குங்க. இல்லாட்டி 99 வருஷக் குத்தகை." விற்க உரிமை இல்லாதவர் பவர் கொடுக்கவும் உரிமை இல்லாதவர்தான். வக்ஃப் நிலத்துக்கு 30 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லாது. அதையும் மனை நிறுவனம் தர முடியாது. இன்னொன்று, இது பயமுறுத்தல் இல்லை, சட்டம்: வக்ஃப் சட்டம் 52-ஏ பிரிவில் வாரிய அனுமதி இல்லாமல் விற்றவர் மட்டுமல்ல, வாங்கியவரும் அனுபவத்தில் எடுத்தவரும் குற்றவாளி. இரண்டு வருடம் வரை சிறை. 4,75,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு அந்த வழக்கையும் வாங்கச் சொல்கிறார்கள்.

"புதுச் சட்டம் வந்துருச்சு, 12 வருஷம் அனுபவிச்சா அவங்க சொத்துதான்." 2025 ஏப்ரல் 8-ல் அமலுக்கு வந்த வக்ஃப் சட்டத் திருத்தம் காலவரையறைச் சட்டத்தை வக்ஃப் சொத்துக்கும் கொண்டுவந்தது உண்மை. அதை வைத்துக்கொண்டு இந்தத் தோப்பை விற்க முடியாது. முத்தவல்லி என்ற முறையில் உள்ளே வந்தவரின் அனுபவம் எதிரிடை அனுபவம் (உரிமையாளருக்கு எதிராகத் தன் சொத்து என்றே பல வருடம் வைத்திருப்பது) ஆகாது. அப்படியே வாதாட வேண்டுமென்றாலும் நீதிமன்றத்தில் வாதாடி டிக்ரி வாங்கிக்கொண்டு அப்புறம் மனை போடட்டும்.

அதற்குப் பிறகு "மேனேஜர் சென்னை போயிருக்கார்". அப்புறம் போன் எடுப்பதே இல்லை. காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று ஒரே வரி.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வாரியம் கேட்கும் நிலம் எல்லாமே வக்ஃப் என்று ஆகிவிடாது. சர்வேயும் விசாரணையும் நடக்காமல் அரசிதழ் அறிவிப்பு மட்டும் போதாது என்று 2023 மே மாதம் சேலம் மையவாடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருச்சி அருகே திருச்செந்துறையில் 2022-ல் ஊரே கலங்கியது எல்லோருக்கும் தெரியும். தலைமுறையாக உண்மையான கிரயப் பத்திரம் வைத்திருப்பவர் வக்ஃப் தீர்ப்பாயத்துக்குப் போய் வாதாடலாம். 2025 திருத்தம் அதற்கு இரண்டு வருடம் தருகிறது, தீர்ப்பாயத்தின் முடிவின் மேல் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் உண்டு. ஆனால் இந்தத் தோப்பில் சந்தேகத்துக்கு இடமில்லை. வாரியத்தின் புரொபார்மா அறிக்கையில் சர்வே எண், பரப்பு, பள்ளியின் பெயர், முத்தவல்லி பெயர் நாலும் இருக்கிறது. ஜமாஅத்தின் பழைய கணக்கு நோட்டில் தேங்காய்க் குத்தகை வரவு வருடா வருடம் எழுதியிருக்கிறது. அதிலிருந்துதான் இமாம் சம்பளமும் நோன்புக் கஞ்சிச் செலவும் போயிருக்கிறது. தோப்பின் வடகிழக்கு மூலையில் இரண்டு மீஸான் கல் (கபுறின், அதாவது அடக்கக் குழியின், மேல் நடும் கல்) நிற்கிறது. கேட்டதற்கு "பழைய எல்லைக்கல்" என்றார்கள். கபுறுக் கல்லைக் காட்டி எல்லைக்கல் என்று சொல்ல எப்படி மனசு வந்தது? ஏழை எளியவருக்காக அல்லாஹ்வின் பெயரால் விட்ட நிலம். 4,75,000 ரூபாய் எங்கள் இழப்பு. தோப்பு ஊரின் இழப்பு.

எல்லாவற்றையும் விட எளிதாகப் பார்த்திருக்கக்கூடியது நான்கெல்லை. நாம் வாங்கும் நிலத்தின் பத்திரம் பொய் சொல்லலாம். பக்கத்து நிலத்துக்காரரின் 1950, 60-களின் பத்திரத்துக்குப் பொய் சொல்ல அவசியமில்லை. தெற்கே ஒட்டிய தோப்பின் பழைய பத்திரத்தில் "வடக்கே பள்ளிவாசல் மானியம்" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பதிவு நகல் கேட்டு விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

வரிசையாக எழுதுகிறேன் என்று சொன்னேன். நாளைக் காலை வக்கீலைப் பார்க்க வேண்டும், இப்போதைக்கு இவ்வளவுதான். யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். தட்டிக்கழித்தால் 10 ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். உட்பிரிவை விட்டுவிட்டுத் தாய் சர்வே எண்ணைச் சொல்லி வக்ஃப் வாரியத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். ஊர் ஜமாஅத்தில் வயதானவர்களிடம் தோப்புக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர் என்று கேளுங்கள். பதிவாகாத உடன்படிக்கையில் பணம் கட்டாதீர்கள். எங்களிடம் இருப்பது 20 ரூபாய் முத்திரைத்தாளும் ரசீதும்தான். தேதி போடாத காசோலை கொடுத்தால் வாங்காதீர்கள். நேற்று 4,75,000-க்கு அப்படி ஒன்றைத்தான் நீட்டினார்கள், வாங்கவில்லை.

அந்த லேஅவுட்டில் 3பி, 3சி, 3டி மாதிரி உட்பிரிவு மனைகளுக்கு முன்பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். புகாரை எல்லோரும் சேர்ந்து மாவட்டக் குற்றப்பிரிவில் கொடுக்கலாம்.