ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் கன்சல்டன்சியில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பி.இ. முடித்துவிட்டு ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க நினைப்பவர்களுக்காகவும், அவர்களை அனுப்பக் கடன் வாங்கப்போகும் அப்பா அம்மாவுக்காகவும் இதை எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சி, அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் என்னை நிராகரித்துவிட்டதாகச் சொல்லி, பெர்லினில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் வருடத்துக்கு 12,000 யூரோ கட்டிச் சேர வைக்கப் பார்த்தது. அப்படி ஒரு நிராகரிப்பு நடக்கவே இல்லை. பெரும்பாலான இடங்களுக்கு என் விண்ணப்பமே போகவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எப்படிச் செய்தார்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

நாங்கள் திருப்பூர். கோவையில் ஒரு ஹோட்டலில் கல்விக் கண்காட்சி நடந்தபோது அப்பாவும் நானும் போனோம். 'ஜெர்மனியில் கல்வி இலவசம்' என்று பெரிய பேனர். அதில் பொய் எதுவும் இல்லை. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் பங்களிப்புத் தொகை என்று சில நூறு யூரோ கட்ட வேண்டும், அவ்வளவுதான். விதிவிலக்குகள் உண்டு. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டது. இந்த விவரம் எதையும் அந்த மேசையில் யாரும் சொல்லவில்லை. "ஐந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அப்ளை பண்ணித் தர்றோம், விசா வரைக்கும் எங்க பொறுப்புங்க சார்" என்றார்கள். சேவைக் கட்டணம் 85,000 ரூபாய், வரி தனி. அப்பா அடுத்த வாரமே கட்டினார்.

பணம் கட்டிய அன்று மூன்று விஷயங்கள் நடந்தன. என் மார்க் ஷீட், டிகிரி சான்றிதழ், டிசி எல்லாவற்றின் ஒரிஜினலையும் 'சரிபார்க்க' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். விண்ணப்பங்களுக்காக என் பெயரில் ஒரு புது மின்னஞ்சல் முகவரியை அவர்களே திறந்தார்கள், கடவுச்சொல் அவர்களிடம். "பல்கலைக்கழகத்துலேர்ந்து நிறைய மெயில் வரும், உனக்குக் குழப்பமா இருக்கும், நாங்க பார்த்துக்கறோம்மா" என்றார் கவுன்சிலர். மூன்றாவது, ஏபிஎஸ் சான்றிதழுக்கு 35,000 ரூபாய் வாங்கினார்கள். இந்தியாவில் படித்த சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள ஏபிஎஸ் அலுவலகம் சரிபார்த்துத் தரும் சான்று அது. 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு அது கட்டாயம். அதற்கு ஏபிஎஸ் வாங்கும் கட்டணம் 18,000 ரூபாய். மீதி எங்கே போனது என்பதற்கு இன்றுவரை ரசீது இல்லை.

அப்புறம் காத்திருப்பு. கேட்டால் "ப்ராசஸ்ல இருக்கு" என்ற ஒரே பதில். கோடை தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக போனில் சொல்ல ஆரம்பித்தார்கள். இந்தப் பல்கலைக்கழகம் ரிஜெக்ட், அது ரிஜெக்ட், இன்னொன்றில் சீட் முடிந்துவிட்டது. கடைசியில் அப்பாவை நேரில் கூப்பிட்டு, "பாப்பாவோட சிஜிபிஏவுக்கு கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டி கஷ்டந்தாங்க சார். ஆனா பெர்லின்ல ஒரு நல்ல காலேஜ் இருக்கு, ரெண்டு நாள்ல ஆஃபர் லெட்டர் வாங்கித் தர்றேன்" என்றார் மேனேஜர். சொன்னபடியே இரண்டு நாளில் வந்தது. கூடவே, ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்ற எச்சரிக்கையும் வந்தது. கட்டணத்தைப் பார்ட் டைம் வேலை பார்த்தே அடைத்துவிடலாம் என்றும் அப்பாவிடம் சொன்னார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் கேட்க அப்பா தயாராகிவிட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

என்னைக் காப்பாற்றியது எங்கள் கல்லூரி சீனியர் அக்கா ஒருவர். ஜெர்மனியில் மாக்டபுர்க் நகரில் படிக்கிறார். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரிஜெக்ஷன் லெட்டர் எங்கடா? எனக்கு ஃபார்வர்டு பண்ணு" என்பதுதான். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் மறுத்தால் எழுத்தில் மறுக்கும். போர்ட்டலிலோ மின்னஞ்சலிலோ தேதியோடு பதில் இருக்கும். கன்சல்டன்சியிடம் அதைக் கேட்டேன். சிஸ்டத்தில் இருக்கிறது, அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவே இல்லை.

அன்று ராத்திரியே அக்கா சொன்னபடி ஐந்து பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலகத்துக்கும் நானே ஆங்கிலத்தில் எழுதினேன். முழுப்பெயர், பிறந்த தேதி, படிப்பின் பெயர், என் விண்ணப்பத்தின் நிலை என்ன என்று நாலே வரி. மூன்று இடங்களிலிருந்து ஒரே மாதிரி பதில்: இந்தப் பெயரில் விண்ணப்பம் எதுவும் வரவில்லை. நான்காவது இடத்தில், எங்களிடம் உள்ள மின்னஞ்சலும் நீங்கள் எழுதும் மின்னஞ்சலும் வேறாக இருக்கின்றன, பாஸ்போர்ட் நகல் அனுப்பினால்தான் தகவல் தர முடியும் என்றார்கள். அனுப்பினேன். விண்ணப்பத்தில் பாடத்திட்ட விவரம் இல்லை, அதைக் கேட்டு இரண்டு முறை எழுதினோம், பதில் வராததால் மூடிவிட்டோம் என்று தெரிந்தது. அவர்கள் எழுதியது கன்சல்டன்சி திறந்த முகவரிக்கு. யாரோ ஒருவர் பத்து நிமிடம் செலவழித்து ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தால் அந்த வருடமே எனக்கு இடம் கிடைத்திருக்கலாம். ஐந்தாவது பல்கலைக்கழகம் பதில் போடவில்லை.

ஏபிஎஸ் சான்றிதழை மட்டும் ஒழுங்காக வாங்கியிருந்தார்கள். ஏன் என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெர்லின் கல்லூரிக்குப் போனாலும் விசாவுக்கு அது வேண்டும். அதாவது ஆரம்பத்திலிருந்தே என்னை அனுப்ப நினைத்த இடம் அதுதான்.

காரணம் கமிஷன். அரசுப் பல்கலைக்கழகம் மாணவரைச் சேர்த்துவிட்டதற்காக எந்த ஏஜென்டுக்கும் காசு கொடுக்காது. தனியார் கல்லூரிகள் பல, கட்டணத்தில் ஒரு பங்கை ஏஜென்டுக்குக் கொடுக்கின்றன. நீங்கள் கட்டும் சேவைக் கட்டணத்தைவிட அந்தப் பங்கு பெரிதாக இருந்தால், ஏஜென்ட் யாருக்கு வேலை செய்வார்? எல்லாக் கன்சல்டன்சியும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நேர்மையாக அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் "உங்களுக்கு எந்தெந்தக் கல்லூரியிடமிருந்து கமிஷன் வருகிறது?" என்று முதல் நாளே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தனியார் கல்லூரி எல்லாமே மோசடி என்பதும் இல்லை. அரசு அங்கீகாரம் பெற்றவை நிறைய உண்டு. ஹோக்ஷூல்கொம்பாஸ் என்ற தளத்தில் ஜெர்மனியின் அங்கீகரிக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அதில் பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டத்தைக் கையெழுத்துப் போட்டுத் தருவது அந்தக் கல்லூரியா, வேறு நாட்டுப் பல்கலைக்கழகமா என்று கேளுங்கள். வகுப்பு நேரிலா, பாதிக்கு மேல் இணையத்திலா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு ஜெர்மனியில் தங்கும் அனுமதி கேட்டால் சிக்கல் வரும்.

என்னோடு அதே கன்சல்டன்சியில் சேர்ந்த திண்டுக்கல் பையன் ஒருவன் பெர்லினுக்குப் போய்விட்டான். அவனிடமும் பார்ட் டைம் வேலையிலேயே கட்டணம் கட்டிவிடலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர் வருடத்தில் 140 முழு நாள் வேலை பார்க்கலாம். நாளுக்கு எட்டு மணி நேரம், 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 14,350 யூரோ. ஒரு மாணவர் சாப்பிட்டுத் தங்கி வாழ வருடத்துக்கு 11,904 யூரோ வேண்டும் என்று ஜெர்மன் அரசே கணக்கு வைத்திருக்கிறது. மிச்சம் 2,500 கூட இல்லை. அதில் 12,000 யூரோ கட்டணத்தை எப்படிக் கட்டுவது? அதுவும் எல்லா நாளும் வேலை கிடைத்தால்தான். அவன் இப்போது ராத்திரியில் கிடங்கு வேலை பார்த்துவிட்டுப் பகலில் வகுப்பில் உட்கார்கிறான். ஊரில் அவன் அப்பா வட்டி கட்டுகிறார்.

அவனுக்கு 'தங்குமிடம் பேக்கேஜ்' என்று ஒரு அறையும் விற்றிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்ய முடியாது. ஜெர்மனியில் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். பதிவு இல்லாமல் தங்கும் அனுமதியை நீட்டிப்பது பெரும்பாடு. அறை எடுக்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று யாராவது எழுதினால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அப்பாவும் சித்தப்பாவும் நானும் கன்சல்டன்சிக்குப் போனோம். மேனேஜர் முதலில் ஊழியர் தவறு என்றார். பிறகு ஒப்பந்தத்தைக் காட்டி, சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டபோது 'பாக்கி' 20,000 ரூபாய் கட்டினால் தருவதாகச் சொன்னார். அப்படி ஒரு பாக்கியே கிடையாது. சித்தப்பா அங்கேயே உட்கார்ந்து போலீஸுக்குப் புகார் எழுத ஆரம்பித்த பிறகுதான் கவரை எடுத்து மேசையில் வைத்தார்கள். உங்கள் ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கன்சல்டன்சிக்கும் உரிமை இல்லை. நகலைக் கொடுங்கள், ஒரிஜினல் வீட்டிலேயே இருக்கட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். அதற்குப் பிறகு 30,000 ரூபாய் திருப்பித் தந்தார்கள். மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 'பணம் திரும்பாது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து சும்மா இருந்துவிடாதீர்கள். சேவையே செய்யாதவர் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று எங்களுக்கு உதவிய வக்கீல் சொன்னார். வாட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய விவரம், பல்கலைக்கழகங்கள் போட்ட பதில்கள் எல்லாம் பத்திரமாக இருந்ததால்தான் எங்களால் இவ்வளவு தூரம் வர முடிந்தது.

அடுத்த வருடம் நானே விண்ணப்பித்தேன். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தளத்தில் ஆங்கில வழிப் படிப்புகளைத் தேடினேன். பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட் (uni-assist) என்ற அமைப்பு வழியாக விண்ணப்பிக்க முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐந்துக்கும் சேர்த்து 195 யூரோதான். அதே ஏபிஎஸ் சான்றிதழ் செல்லுபடியானது. என் சிஜிபிஏவை வைத்து மேனேஜர் பயமுறுத்தியது ஞாபகம் வந்தது. ஜெர்மனியில் அதை அவர்கள் முறைக்கு மாற்றுவதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது; 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி. ஒவ்வொரு படிப்பும் எவ்வளவு கேட்கிறது என்று அதன் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ் கிடைத்தது. கல்விக் கட்டணம் இல்லை. இப்போது இங்கேதான் படிக்கிறேன்.

பிளாக்டு அக்கவுண்ட் பற்றி ஒரு வார்த்தை. வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட, 11,904 யூரோவை உங்கள் பெயரில் உள்ள இந்தக் கணக்கில் போடுகிறீர்கள். ஜெர்மனி வந்ததும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும். அது உங்கள் பணம். அதைத் தன் கணக்கில் போடச் சொல்பவரையும், 'ஃபண்ட் காட்டித் தருகிறேன்' என்று போலி ஆவணம் தர வருபவரையும் கிட்டே சேர்க்காதீர்கள்.

ஏற்கெனவே கன்சல்டன்சியில் பணம் கட்டிக் காத்திருப்பவர்கள் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதாகச் சொன்னார்களோ, அவற்றின் சேர்க்கை அலுவலகத்துக்கு உங்கள் சொந்த முகவரியிலிருந்து எழுதுங்கள். பாஸ்போர்ட் நகல் தயாராக இருக்கட்டும். யூனி அசிஸ்ட் கணக்கின் கடவுச்சொல்லையும் கட்டண ரசீதையும் கன்சல்டன்சியிடம் எழுத்தில் கேளுங்கள். குளிர்காலப் பருவத்துக்குப் பல படிப்புகளின் கடைசித் தேதி ஜூலை 15. ஆங்கில வழி முதுகலைப் படிப்புகள் பலவற்றுக்கு அதற்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். பதில் வர ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் ஆகும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது எழுதிவிட்டால், போகாத விண்ணப்பத்தை நீங்களே அனுப்ப நேரம் இருக்கும்.