சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு டர்போவும் வேண்டுமா? மூன்று வழிகளின் அலசல்

மெர்சிடிஸ் சி 200 கம்ப்ரஸர் மாதிரி, கம்பெனியிலேயே சூப்பர்சார்ஜர் (எஞ்சின் பெல்ட்டால் சுற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) வைத்து வந்த 1.8 லிட்டர் எஞ்சினில் இன்னும் பவர் எடுக்க மூன்று வழி உண்டு. சூப்பர்சார்ஜர் புல்லியைச் சிறிதாக்கி அதை வேகமாகச் சுற்ற வைக்கலாம். அதைக் கழற்றிவிட்டு, அதே வேலையை எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றிச் செய்யும் டர்போ போடலாம். இல்லையென்றால் அதை அப்படியே வைத்துக்கொண்டு டர்போவையும் சேர்க்கலாம். மூன்றாவதற்குத்தான் ஆசைப்படுபவர்கள் அதிகம். ஆனால் கோவை வெயிலில் பெரும்பாலான வண்டிகளுக்கு, மற்ற இரண்டும் போதாதபோதுதான் அதை எடுக்க வேண்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். ஆர்சி புத்தக விவரம் கம்பெனி அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே இந்த வேலை, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குக்கு ட்ரெய்லரில் ஏற்றிப் போகும் வண்டிக்கு மட்டும்தான். தடாகம் ரோட்டிலோ திம்பம் மலைப்பாதையிலோ ஓட்டும் வண்டிக்கு இல்லை.

புல்லி மாற்றுவது ஒரு நாள் வேலை. 65 மில்லிமீட்டர் புல்லியை 60 ஆக்கினால் சூப்பர்சார்ஜர் வேகம் எட்டு சதவீதம் ஏறும். பீளமேடு, கணபதி பக்கம் எந்த நல்ல லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். பெல்ட் உட்காரும் வரிப்பள்ளங்களின் அளவு மட்டும் பிசகக் கூடாது. பெல்ட் வழுக்கினால் புல்லியைச் சுற்றிக் கருந்தூள் படியும், ஆர்பிஎம் ஏறும்போது பூஸ்ட், அதாவது தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம், இறங்கும். சூப்பர்சார்ஜருக்கு உற்பத்தியாளர் வைத்த வேக வரம்பை மீறினால் ரோட்டர் பேரிங் முதலில் போகும். கிடைக்கும் பவர் கொஞ்சம்தான், ஆனால் வம்பும் கொஞ்சம்தான். கரி ட்ராக்கில் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு இது போதும்.

சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டு டர்போ மட்டும் போட்டால், எஞ்சின் மீதிருந்த ஒரு பாரம் இறங்குகிறது. 1.8 லிட்டர் எஞ்சினில் ரூட்ஸ் வகை (இரண்டு ரோட்டர்கள் சுற்றிக் காற்றைத் தள்ளும்) சூப்பர்சார்ஜர் முழு வேகத்தில் 15 குதிரைத்திறன் அளவுக்குத் தின்றுவிடும். டர்போவோ வீணாகப் போகும் புகையில் சுற்றுகிறது. மலையேறும்போதும் டர்போவுக்கே ஆதாயம். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கோவையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூப்பர்சார்ஜர் அந்த இழப்பை அப்படியே எஞ்சினுக்குக் கடத்தும். டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றி ஓரளவு ஈடுகட்டும். குறை என்று பார்த்தால் லேக்தான்: 3,000 ஆர்பிஎம் வரை கால் அழுத்தியும் வண்டி யோசிக்கும்.

அந்த யோசனையை ஒழிக்கப் பிறந்ததுதான் சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்ந்த இரட்டை அமைப்பு. 1985-இல் லான்சியா டெல்டா எஸ்4 ராலி காரில் இது வந்தது. 2005-இல் ஃபோக்ஸ்வாகன் 1.4 லிட்டர் எஞ்சினில் இதே முறையில் 170 குதிரைத்திறன் எடுத்தது. அந்த எஞ்சினில் சூப்பர்சார்ஜருக்குக் காந்த கிளட்ச் உண்டு. 3,500 ஆர்பிஎம் தாண்டினால் கிளட்ச் விடுபட்டு, காற்று பைபாஸ் வழியே நேராக டர்போவுக்குப் போய்விடும். பட்டறையில் கட்டும் அமைப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கிளட்சும் இருக்காது, பைபாஸும் இருக்காது. இரண்டும் கடைசிவரை சேர்ந்தே அழுத்தும்.

சேர்ந்து அழுத்தும்போது பூஸ்டைக் கூட்டிப் பார்க்கக் கூடாது, பெருக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்துகிறது, டர்போவும் ஒன்றரை மடங்கு. அரையும் அரையும் ஒரு பார் (ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்று கணக்குப் போட்டு, பெட்ரோல் அளவைச் சொல்லும் மேப் எழுதுவார்கள். உண்மையில் 1.5 பெருக்கல் 1.5, அதாவது 2.25 மடங்கு, கேஜில் 1.2 பாருக்கும் மேல். பெட்ரோல் குறைந்து, கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் வந்து, பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவிலுள்ள விளிம்பு) உடைவது இந்தக் கணக்குப் பிழையால்தான்.

அடுத்தது சூடு. திருச்செங்கோடு ரிக் வண்டி கம்ப்ரஸரிடம் நின்றவருக்கு, அழுத்தினால் காற்று கொதிக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 38 டிகிரி சித்திரை வெயிலில், 70 சதவீதத் திறனுள்ள டர்போ ஒன்றரை மடங்கு அழுத்திய காற்று 93 டிகிரியில் வெளியே வரும். அதை அப்படியே 55 சதவீதத் திறனுள்ள ரூட்ஸுக்குள் விட்டால் 175 டிகிரி. நடுவில் ஒரு இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால் கடைசியில் 128 டிகிரி. அதையும் எஞ்சினுக்குள் போகும் முன் இன்னொரு இன்டர்கூலரில் ஆற்ற வேண்டும். ஆக இரண்டு இன்டர்கூலர் கட்டாயம். பம்பருக்குப் பின்னால் இரண்டுக்கும் ரேடியேட்டருக்கும் இடமில்லை என்றால் அந்த வண்டிக்கு இந்த அமைப்பு வேண்டாம்.

இடமிருந்து செய்வதானால், கம்பெனி சூப்பர்சார்ஜரை இருந்த இடத்திலேயே விட்டு, டர்போவை அதற்கு முன்னால் கொண்டுவருவதுதான் எளிது. ஏர் ஃபில்டர், டர்போ, முதல் இன்டர்கூலர், சூப்பர்சார்ஜர், இரண்டாவது இன்டர்கூலர் என்று காற்று போகும். பழைய பைபாஸ் வால்வு வெறும் வேக்குவத்தை நம்பித் திறப்பது. டர்போ அழுத்தத்தில் அது குழம்பும். டர்போ தேவையான அளவு தள்ளத் தொடங்கியதும் அதை ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) திறக்கும்படி மாற்றுங்கள். டர்போவுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில், கால் எடுத்ததும் தேங்கும் அழுத்தத்தை விடுவிக்கும் புளோ-ஆஃப் வால்வு ஒன்றும் வேண்டும். ரூட்ஸின் உள்வாயில் பூஸ்ட் அழுத்தினால் கியர் பக்கத்து ஆயில் சீல் கசியலாம். அந்த ஆயிலின் அளவை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பாருங்கள்.

டர்போவின் ஆயில் ரிட்டர்ன் குழாயில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள்விட்டம் 19 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எங்கும் மேலே வளையாமல், எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில், ஆயில் மட்டத்துக்கு மேலே இறங்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் தேங்கி சீலைத் தாண்டும், சைலன்சரில் நீலப் புகை வரும். சீல் போச்சு என்று டர்போவை மாற்றினாலும் புகை நிற்காது.

பெட்ரோல் கணக்கும் மாறும். நாலு சிலிண்டரில் 300 குதிரைத்திறனுக்கு இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 600 சிசி தர வேண்டும். பங்கில் இப்போது வரும் இ20 பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7 இல்லை, ஏறக்குறைய 13.5. அதனால் 650 சிசிக்குக் கீழே வாங்க வேண்டாம். பூஸ்ட் ஏறும் அளவுக்கு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலின் அழுத்தமும் ஏறியாக வேண்டும். 3 பார் வரை அளக்கும் மேப் (காற்றழுத்த) சென்சார், ஒரு படி குளிர்ந்த பிளக், 0.6 மில்லிமீட்டர் பிளக் இடைவெளி, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் லாம்டா மீட்டர் ஆகியவற்றில் எதையும் தள்ளிப்போடக் கூடாது. பழைய சி 200 என்றால் இவற்றுக்கெல்லாம் முன்னால் டைமிங் செயினையும் கேம் ஸ்ப்ராக்கெட் பற்களையும் திறந்து பாருங்கள். செயின் நீண்டுபோன எஞ்சினில் பூஸ்ட் ஏற்றுவது வீண் செலவு.

எதை எடுப்பது? 250 குதிரைத்திறனுக்குள் போதுமென்றால் புல்லியும் பெரிய இன்டர்கூலரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டர்போ மட்டும். கரி போல 2.1 கிலோமீட்டரில் வளைவுகள் நெருங்கி வரும் ட்ராக்கில், வளைவிலிருந்து வெளியேறும் நொடியில் இழுவையும் வேண்டும், 6,000 ஆர்பிஎம்மில் மூச்சும் வேண்டும், நேரம் குறைப்பதே குறி என்றால்தான் இரட்டை அமைப்புக்குக் காசு போடலாம். அப்போதும், டர்போவின் பூஸ்டுக்கு வரம்பு போடும் வேஸ்ட்கேட் வால்வில் 0.3 பார் ஸ்ப்ரிங்கோடு தொடங்குங்கள். முழு லோடில் லாம்டா (சரியான காற்று விகிதம் என்றால் 1, பெட்ரோல் கூடினால் அதற்குக் கீழே) 0.80-ஐ ஒட்டி நிற்கிறதா, இரண்டாவது இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 60 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தொடர்ந்து பத்து லேப் நின்ற பிறகே ஸ்ப்ரிங்கை மாற்றுங்கள். ட்யூனிங்கை மார்கழிக் காலையில் செய்யாமல் சித்திரை மதியத்தில் செய்யுங்கள்.