கிளிநொச்சியில் ஒரு முகாமைக் கணக்கீட்டு வகுப்பு: விற்பனை முரண்களுக்காகவே போகலாம்

பரந்தன் பக்கம் அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதுகிறேன். வேலையோடு சோதனைக்கும் படிப்பதால், கிளிநொச்சி நகரில் ஞாயிறு காலை நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

முரண் என்றால் திட்டமிட்டதற்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம். அதற்குச் சூத்திரத்தை எழுதிப்போட்டுப் பாடமாக்கச் சொல்கிற ஆள் இல்லை சேர். பலகையில் ஓர் ஆலையையே கொண்டுவந்துவிட்டார். பாதீட்டில், அதாவது முன்கூட்டிப் போட்ட திட்டத்தில், நாட்டரிசி 600 மூட்டை, சம்பா 400. விற்றது நாடு 800, சம்பா 300. மூட்டைக்கு நியமப் பங்களிப்பு, அதாவது திட்டமிட்ட (நியம) விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவது, நாட்டுக்கு 300 ரூபாய், சம்பாவுக்கு 500. சம்பா நியம விலைக்கே போனது. நாட்டை மட்டும் 50 ரூபாய் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"நூறு மூட்டை கூட வித்திருக்கு. முதலாளிக்குச் சந்தோசம்தானே?" என்றார். தலையாட்டினோம்.

விலை முரண்: 800 மூட்டைக்கும் 50 ரூபாய்ப்படி 40,000 பாதகம். அளவு முரண்: நாட்டில் கூடிய 200க்கு 60,000 சாதகம், சம்பாவில் குறைந்த 100க்கு 50,000 பாதகம், மிச்சம் 10,000 சாதகம். ஆக, பங்களிப்பு 30,000 குறைவு! அளவு முரணை ஏன் நியமப் பங்களிப்பால் பெருக்குகிறோம் என்பதும் இதிலேயே விளங்கியது. விலைக்குறைவைத் தனியாக எடுத்தாயிற்று. அளவுக்குள்ளும் அதை விட்டால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டம்.

அப்புறம் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது: அந்த 40,000க்கு ஆர் பொறுப்பு? காலபோக நெல் குவிந்து சந்தை விலையே இறங்கியிருந்தால், விற்பனைப் பொடியனைப் பேசி என்ன பிரயோசனம்? நியம விலை போட்டவரையல்லவா கேட்கவேணும். எங்கள் ஆலையில் மாதக் கூட்டத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி இது.

குறை, கலவை முரணில், அதாவது இரண்டு அரிசியும் விற்ற விகிதம் மாறியதால் வந்த வித்தியாசத்தில். விற்ற 1,100 மூட்டையைப் பாதீட்டு விகிதப்படி பிரித்தால் நாடு 660, சம்பா 440. சம்பா 140 குறைந்து நாடு 140 கூடியதால், மூட்டைக்கு 200 ரூபாய் பங்களிப்பு வித்தியாசப்படி கலவை முரண் 28,000 பாதகம். மொத்தத்தில் நூறு மூட்டை கூடியதால், பாதீட்டுச் சராசரிப் பங்களிப்பு 380 ரூபாய்ப்படி வந்தது 38,000 சாதகம். இரண்டும் சேர்ந்ததுதான் முன்பு கண்ட 10,000. சம்பா வாடிக்கை கைவிட்டுப் போவதைக் காட்டுகிற எண்ணே அந்த 28,000தான். அதை வகுப்பு முடிகிற நேரத்தில் ஓட்டிவிட்டார். ரியூட்டில் (வகுப்பில் தரும் பாடக்குறிப்பில்) வேறு சம்பாவின் கலவை முரண் சாதகம் என்று அச்சாகியிருக்கிறது. சுட்டிக்காட்டினோம், அடுத்த தொகுதிக்கும் அதையே போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தார்கள்.

தகரக் கூரை, பதினொரு மணிக்குமேல் வேகும். முழங்காவில் பக்கமிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை நம்பினால் தொடக்கம் போய்விடும். பதிவு செய்தும் தரமாட்டார்கள். ஆனாலும் கொடுக்கிற காசுக்குப் பழுதில்லை. கலவைப் பகுதியை மட்டும் வேறெங்காவது பார்த்துக்கொள்ளுங்கள். கல்குலேற்றரை மறக்காமல் கொண்டுபோங்கள், பக்கத்து வாங்குக்காரர் தரமாட்டார்.