மீன்பிடி லைசென்ஸுக்கு ‘வெளிமாநில மாணவர் தள்ளுபடி’ என்று வந்தால் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், ஆகஸ்டில் வரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

2023 மே மாதம். மிச்சிகனில் எனக்கு இரண்டாவது செமஸ்டர் முடிந்திருந்தது. பனி உருகி, லேக் லான்சிங் கரையில் ஆட்கள் மடக்கு நாற்காலியும் தூண்டிலுமாக வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். தாமிரபரணியில் தூண்டில் போட்டு வளர்ந்தவன், பார்த்ததும் கை பரபரத்தது. அறைத்தோழன் தேனிக்காரன். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு வேட்டை பொதுவாகக் குற்றம். இங்கே லைசென்ஸ் எடுத்தால் முயல் வேட்டைக்கே முறையாகப் போகலாம் என்று கேட்டதிலிருந்து அவனுக்கும் ஆசை.

மிச்சிகனில் 17 வயது ஆனவர் யாராக இருந்தாலும் மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டும். அந்த மாநிலத்தவருக்கு வருஷத்துக்கு 26 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 76 டாலர். இதைப் பார்த்ததும் நாங்கள் வெளிமாநிலக் கணக்கு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பல்கலைக்கழகம் எங்களிடம் வாங்குவது வெளிமாநிலக் கட்டணம்தானே, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் மாட்டிக்கொண்டேன்.

கூகுளில் மாணவர், லைசென்ஸ், தள்ளுபடி என்று தேடினேன். முதலில் வந்த தளத்தில் மாநில வரைபடம், துள்ளும் மீன் படம், பச்சை நிறத்தில் முத்திரை மாதிரி ஒன்று. ‘வெளிமாநிலக் கல்லூரி மாணவர் சிறப்பு விலை 39.95 டாலர்’ என்று போட்டிருந்தது. 76க்குப் பதில் 40 என்றால் லாபம்தானே. பெயர், முகவரி, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கேட்டது. மாணவர் என்பதற்குச் சான்றாக ஐ-20 படிவத்தையும் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருவது) பதிவேற்றச் சொன்னது. அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்டது. உண்மையான அரசுத் தளமும் அந்த எண்ணைக் கேட்கும் என்று சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லியிருந்ததால் சந்தேகம் வரவில்லை. எல்லாவற்றையும் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் மின்னஞ்சலில் ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே என் பெயர், கீழே ஒரு நீளமான எண், பட்டைக் குறியீடு.

அறைத்தோழன் அதே தளத்தில் வேட்டை லைசென்ஸுக்குக் கட்டினான். அப்போதாவது நாங்கள் விழித்திருக்க வேண்டும். மிச்சிகனில் 1960 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர் வேட்டை லைசென்ஸ் வாங்க, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். அது இல்லாதவருக்குப் பழகுநர் லைசென்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு, அதில் அனுபவமுள்ள ஒருவர் கூடவே வர வேண்டும். அந்தத் தளம் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு அவனுக்கும் ஒரு பிடிஎஃப் அனுப்பிவிட்டது.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனோம். தூண்டில் கடையில் ஒரு டப்பா மண்புழு வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்குள் வாளியில் நாலு புளூகில். நம் ஜிலேபிக் கெண்டையைக் கையளவுக்குச் சுருக்கியது போல இருக்கும், செவுள் ஓரத்தில் கருநீலமாக ஒரு பொட்டு. அப்போது இயற்கை வளத் துறை அதிகாரி ஒருவர் வந்தார். இங்கே எல்லாரும் டிஎன்ஆர் என்று சொல்வது அந்தத் துறையைத்தான். லைசென்ஸ் கேட்டார், கைப்பேசியில் காட்டினேன். எண்ணைத் தன் கருவியில் போட்டுப் பார்த்தார். என் பெயரை வைத்துத் தேடினார், பிறந்த தேதியை வைத்துத் தேடினார். அப்புறம் கைப்பேசியை வாங்கி, அந்தப் பக்கத்தின் அடிப்பகுதியை இரண்டு விரலால் பெரிதாக்கி என்னிடமே நீட்டினார்.

வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்து. ‘இது அரசு நிறுவனம் அல்ல. இந்த ஆவணம் லைசென்ஸ் அல்ல. லைசென்ஸ் பெறுவதற்கான வழிகாட்டிச் சேவைக்கான ரசீது.’

நான் வாங்கியது ரசீது. அதற்குத்தான் 39.95 டாலர்.

அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனாலும் லைசென்ஸ் இல்லாமல் மீன்பிடித்தது மீன்பிடித்ததுதான் என்று டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, எழுதிக் கொடுத்தார். தோழன் தூண்டிலைத் தொடவில்லை, அதனால் அவனை விட்டுவிட்டார். போகும்போது என்னிடம் ஒன்று கேட்டார்: “நீ இங்கே முழுநேர மாணவனா? படிக்கும்போது இங்கேதான் தங்கியிருக்கிறாயா?” ஆமாம் என்றேன். “அப்படியென்றால் உனக்கு 26 டாலர்தான்” என்றார்.

அந்த இடத்தில் எனக்கு டிக்கெட்டைவிட அதுதான் வலித்தது. மிச்சிகன் சட்டத்தில், மாநிலத்துக் கல்லூரியில் முழுநேரம் படித்துக்கொண்டு, படிக்கும் காலத்தில் மாநிலத்திலேயே தங்கியிருப்பவரும் லைசென்ஸ் விஷயத்தில் உள்ளூர்க்காரர்தான். கல்விக் கட்டணத்துக்கு வெளிமாநிலம், மீனுக்கு உள்ளூர். இரண்டுக்கும் விதி வேறு, துறை வேறு. யாரும் நமக்குத் தள்ளுபடி வாங்கித் தர வேண்டியதே இல்லை. சட்டமே கொடுத்திருக்கிறது.

மறுநாள் லைசென்ஸ் விற்கும் கடைக் கவுன்டருக்குப் போனேன். மிச்சிகன் ஓட்டுநர் உரிமம் அப்போது என்னிடம் இல்லை. அதற்கும் வழி இருக்கிறது, ஸ்போர்ட் கார்டு என்று 1 டாலருக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அதையும் சேர்த்து 27 டாலர், அடுத்த மார்ச் 31 வரை செல்லும். வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பணம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். தளத்துக்கு எழுதினேன். ‘வழிகாட்டிச் சேவை வழங்கப்பட்டுவிட்டது’ என்று ஒரே வரியில் பதில். ஜூலையில் என் அட்டையிலிருந்து இன்னொரு 19.95 டாலர் போயிருந்தது, ‘மாத உறுப்பினர் கட்டணம்’ என்று. வங்கியில் இரண்டையும் எதிர்த்துப் புகார் செய்தேன். இரண்டாவது தொகை திரும்ப வந்தது. முதல் தொகைக்கு, நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு கட்டியிருக்கிறீர்கள் என்று மறுத்துவிட்டார்கள். அந்தச் சாம்பல் எழுத்து எதற்கு இருக்கிறது என்று அப்போது புரிந்தது. டிக்கெட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் அபராதம் கட்டினேன். அந்த ரசீதைத் தூக்கிப் போடாமல் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். விசா படிவத்தில் கைது, தண்டனை பற்றிய கேள்வி உண்டு, இப்படி ஏதாவது நடந்தால் காகிதம் கையில் இருக்க வேண்டும்.

பணத்தைவிடப் பயந்தது நான் கொடுத்த விவரங்களுக்காக. பாஸ்போர்ட் எண், ஐ-20, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் யாரென்று தெரியாதவர் கையில் கிடக்கிறது. நம் கடன் விவரங்களை வைத்திருக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று நிறுவனங்களிலும் உடனே கிரெடிட்டை முடக்கினேன், என் பெயரில் வேறு யாரும் கடன் வாங்கிவிடக் கூடாது என்று. 2018 முதல் இது இலவசம், தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம். இப்படி ஒரு தளத்தில் எண்ணைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள், சண்டையெல்லாம் அப்புறம். கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திலும், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் பதிந்தேன். ஓட்டுநர் உரிமம் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு வெறும் பிடிஎஃப் வழிகாட்டி கொடுத்த தளங்கள் மேல் அந்த ஆணையம் 2019 டிசம்பரில் வழக்கே போட்டிருக்கிறது. நம் புகார் ஒன்று சேர்வதாலும் பயன் உண்டு.

வேட்டைக்குப் போக நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதற்கு இருக்கும் சில விலக்குகளில் ஒன்று, ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். என் தோழன் அந்த பிடிஎஃப்பை நம்பி யாரிடமாவது துப்பாக்கி இரவல் வாங்கிக் காட்டுக்குள் போயிருந்தால், அது டிக்கெட்டோடு முடிகிற விஷயம் இல்லை. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

சலுகை எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி இல்லை. மினசோட்டாவிலும் அங்கேயே தங்கிப் படிக்கும் முழுநேர மாணவருக்கு உள்ளூர் விலை உண்டு. மொன்டானாவில் வெளிமாநில மாணவருக்குப் பெரிய விலங்கு வேட்டை லைசென்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கும், மாணவர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். நீங்கள் படிக்கும் மாநிலத்தில்தான் இந்தச் சலுகை. மிச்சிகன் லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஓஹாயோவில் தூண்டில் போட முடியாது, அங்கே நீங்கள் வெளி ஆள்தான். அதனால் உங்கள் மாநிலத்து வனவிலங்குத் துறையின் சொந்தத் தளத்துக்கே போய்ப் பாருங்கள். மிச்சிகனுக்கு முகவரி டாட் கவ் (.gov) என்று முடியும். வேறு மாநிலத்தில் சந்தேகம் வந்தால் துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு முகவரியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேடலில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். வெறுமனே ஒருநாள் ஆசைக்கு என்றால் மிச்சிகனில் 10 டாலருக்கு ஒருநாள் லைசென்ஸ் இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு வார இறுதியிலும் ஜூனில் ஒரு வார இறுதியிலும் லைசென்ஸே இல்லாமல் யாரும் மீன்பிடிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லைசென்ஸுக்கு நாம் கட்டும் பணம் ஏரியையும் மீனையும் பார்த்துக்கொள்ளத்தான் போகிறது. 1950ல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் மீன்வள நிதியைப் பிரிக்கும்போது, அங்கே எத்தனை பேர் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கினார்கள் என்பதும் கணக்கில் வரும். நான் கட்டிய 39.95ல் ஒரு காசுகூட லேக் லான்சிங்குக்குப் போய்ச் சேரவில்லை.

இன்று காலையிலும் தேடிப் பார்த்தேன். அந்தத் தளம் பெயரை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, அதே மீன் படத்தோடு இன்னும் முதலில்தான் வருகிறது.