பனிக்கட்டிக்கு அடியில் பெர்ச்: எந்த ஸ்பூனை இறக்குவது?

உறைந்த ஏரியில் துளை போட்டு, பெர்ச் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பத்து ஸ்பூனாவது மின்னும். ஸ்பூன் என்பது முள் மாட்டிய, மீனை ஏமாற்றும் பளபளப்பான உலோகத் தூண்டில் இரை. தங்கம், வெள்ளி, செம்பு, பச்சை, ஆரஞ்சு. துளையோ ஒரு சாண் அகலம்தான், அதில் ஒன்றைத்தான் இறக்க முடியும். பலரும் நிறத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். நான் அது விழும் விதத்தைப் பார்த்து எடுக்கச் சொல்வேன். ஒரே தங்க நிறத்தில் ஒரு மெல்லிய ஸ்பூனையும் ஒரு தடித்த ஸ்பூனையும் துளைக்குள் விட்டுப் பாருங்கள். ஒன்று உதிர்ந்த இலை மாதிரி அலைந்து அலைந்து இறங்கும், இன்னொன்று கூழாங்கல் மாதிரி நேராகப் போகும். கீழே இருக்கும் மீனுக்கு இவை இரண்டும் இரண்டு வேறு இரைகள்.

ஸ்பூன் என்ற பெயர் சாப்பாட்டுக் கரண்டியிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜூலியோ பியூவல் 1852-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும்போது, குழிந்த தகடு தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஆடும் என்பதுதான் அதன் சூட்சுமம். பனிக்கட்டியின் மேல் உட்கார்ந்திருப்பவரால் எதையும் இழுத்துக்கொண்டு போக முடியாது. மேலே தூக்கலாம், கீழே விடலாம், அசையாமல் பிடிக்கலாம். அதனால் விழுவதும் நிற்பதும்தான் இங்கே எல்லாம்.

பெர்ச் பகல் மீன். கண்ணால் பார்த்து இரை தேடும், கூட்டமாகத் திரியும், இருட்டிவிட்டால் அடங்கிவிடும். வட அமெரிக்க மஞ்சள் பெர்ச்சும் ஐரோப்பிய பெர்ச்சும் வேறு வேறு இனங்கள் என்றாலும் இந்தக் குணத்தில் இரண்டும் ஒன்றுதான். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதனால் பனிக்கட்டியை ஒட்டி 0 டிகிரி, போகப் போக 4 டிகிரி வரை என்று நீர் அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் குளிரில் மீன் இரையை நெடுந்தூரம் துரத்தாது. பளிச்சென்று ஏதாவது தெரிந்தால் கிட்ட வரும், ஒரு விரல் தூரத்தில் நின்று முறைத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் திரும்பிவிடும். கீழே இருக்கும் மீனைக் கோடாகக் காட்டும் சோனார் கருவியின் திரையில் அந்தக் கோடு ஸ்பூன் வரை ஏறி வந்து, நின்று, மறுபடி இறங்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும்.

ஆக ஸ்பூனுக்கு இரண்டு வேலை. கூட்டத்தைக் கூப்பிட வேண்டும், வந்த மீனைக் கடிக்க வைக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் நான்கு வகைகளையும் எடைபோடுகிறேன்.

முதலில் மெல்லிய தகடு ஸ்பூன். இரண்டு கிராம் அளவில் இருக்கும். துளையிலிருந்து தள்ளித் தள்ளி அலைந்து இறங்கும், ஒவ்வொரு புரளலுக்கும் ஒரு மின்னல் தெறிக்கும். இரண்டு மூன்று மீட்டர் ஆழம், தெளிந்த தண்ணீர், பாசிக்கு மேலே மேயும் மீன் என்றால் இதைவிட அழகான இரை கிடையாது. செத்துக்கொண்டிருக்கும் சின்ன மீனைப் போலவே விழும். ஆனால் எட்டு மீட்டர் ஆழத்தில் இதை விட்டால் அடிக்குப் போய்ச் சேருவதற்குள் கூட்டம் நகர்ந்துவிடும். தூண்டில் நரம்பும் சட்டென்று முறுக்கிக்கொள்ளும், அதனால் ஸ்பூனுக்கு ஓர் அடி மேலே சின்ன ஸ்விவல் (சுழலும் இணைப்பு) ஒன்றைக் கட்டியே ஆக வேண்டும்.

அடுத்தது தடித்த, ஒடுங்கிய ஸ்பூன். மிச்சிகனில் செய்யப்படும் ஸ்வீடிஷ் பிம்பிள், அக்மி நிறுவனத்தின் காஸ்ட்மாஸ்டர் இரண்டும் இந்த ரகம். மூன்றரை கிராம் முதல் ஏழு கிராம் வரை பெர்ச்சுக்குப் போதும். ஆழத்துக்குச் சீக்கிரம் போகும், மேலே கையில் அதன் கனம் தெரியும், அடியைத் தொட்டதும் உணர முடியும். இந்தக் கடைசிக் குணத்துக்காகவே இதை நான் மதிக்கிறேன். நடுக்குளிர்காலத்தில் பெர்ச் பல நேரம் சேற்றுத் தரையில் பூச்சிப் புழுக்களை மேய்ந்துகொண்டிருக்கும். ஸ்பூனால் தரையில் மூன்று நான்கு முறை தட்டினால் சிறு புகைபோலச் சேறு கிளம்பும். யாரோ மேய்கிறார்கள் என்று மற்றவை வேடிக்கை பார்க்க வரும். அப்புறம் ஒரு சாண் தூக்கி, அசைக்காமல் பத்து விநாடி பிடியுங்கள். கடி அந்த அசைவற்ற நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். மெல்லிய ஸ்பூனால் தரையை இப்படித் தட்டவே முடியாது.

குறை என்ன? கூப்பிடுவதில் கெட்டி, கடிக்க வைப்பதில் சுமார். அசையாமல் நிற்கும்போது அது வெறும் உலோகத் துண்டு. முள்ளில் ஒரு ஈப்புழுவோ மீன் தலைத் துணுக்கோ கோத்தால்தான் தயங்கும் மீன் வாயைத் திறக்கும். எந்த இரையை வைக்கலாம் என்பதில் ஒவ்வோர் ஏரிக்கும் சட்டம் மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கிலுகிலுப்பை வைத்த ஸ்பூன். நார்த்லாண்ட் நிறுவனத்தின் பக்‌ஷாட் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். முதுகில் சின்னக் குழல், உள்ளே குண்டுமணிகள். ஒலி தண்ணீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும், பனி மூடி வெளிச்சம் குறைந்த இடத்திலும் போகும். கலங்கிய தண்ணீரில், மீன் எங்கே என்றே தெரியாத காலை நேரத்தில், இதைத்தான் முதலில் இறக்குவேன். ஆனால் தெளிந்த ஏரியில், நாளெல்லாம் ஆள் உட்கார்ந்து எழுந்த இடத்தில், இந்தச் சத்தம் வந்த மீனையும் விரட்டிவிடுகிறது என்பது என் அனுபவம். கூட்டம் கீழே வந்துவிட்டதா, இதைச் சுற்றி மேலே எடுத்துவிட்டு வேறொன்றை இறக்குங்கள்.

அந்த வேறொன்றுதான் நான்காவது, சங்கிலி ஸ்பூன். பின்லாந்துக்காரர்களின் ஹாலி இதில் பேர்பெற்றது. ஸ்பூனின் அடியில் மும்முனை முள்ளுக்குப் பதிலாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் சங்கிலி, அதன் நுனியில் ஒற்றை முள். முள்ளில் இரண்டு ஈப்புழு. பளபளப்பு மேலே, சாப்பாடு கீழே. ஸ்பூனின் வெளிச்சத்தைப் பார்த்து வந்த பெர்ச், பெரிய உலோகத்தை விழுங்கத் தயங்கும். அதன் கீழே தனியாகத் தொங்கும் சின்னப் புழுவை எடுக்கத் தயங்காது. ஸ்பூன் நின்ற பிறகும் சங்கிலி ஒரு நொடி ஆடி அடங்கும். அந்த ஒரு நொடியில் எத்தனையோ மீன் கடித்திருக்கிறது. ஸ்பூனின் உடல் கனமாக இருப்பதால் சின்னப் புழுவையும் பத்து மீட்டருக்கு வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், வெறும் ஜிக்கால் (தலையில் சின்ன உலோகக் குண்டு வைத்த முள்) அது அவ்வளவு சுலபமில்லை.

ஒன்றே ஒன்றுதான் எடுத்துப் போகலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். கூப்பிடுவதில் கிலுகிலுப்பைக்குக் கொஞ்சம் பின்னால், கடிக்க வைப்பதில் எல்லாவற்றுக்கும் முன்னால். குறை இல்லாமல் இல்லை. வேகமாக விட்டால் முள் மேலே ஏறி நரம்பில் சிக்கும், பாசியில் மாட்டும். அதனால் கடைசி ஒரு மீட்டரை விரலால் தடுத்துத் தடுத்து இறக்க வேண்டும். கடையில் சங்கிலி ஸ்பூன் கிடைக்கவில்லை என்றாலும் கவலையில்லை. உங்களிடம் இருக்கும் தடித்த ஸ்பூனின் மும்முனை முள்ளைக் கழற்றி, ஒரு துண்டுச் சங்கிலியும் ஒற்றை முள்ளும் மாட்டினால் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.

நிறம் பற்றிக் கேட்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், தெளிந்த தண்ணீரில் வெள்ளி, பழுப்பேறிய தண்ணீரில் தங்கம் அல்லது செம்பு, மேலே பனி கனமாக மூடியிருந்தால் இருட்டில் ஒளிரும் பூச்சு. சிவப்பு ஆழத்தில் முதலில் மங்கிவிடும். இதற்கு மேல் நிறத்தில் மெனக்கெட வேண்டாம்.

நரம்பு மெல்லியதாக இருக்கட்டும், மூன்று நான்கு பவுண்டு தாங்கினால் போதும். தடித்த நரம்பு எந்த ஸ்பூனின் ஆட்டத்தையும் கெடுத்துவிடும், மெல்லிய தகட்டை அறவே சாகடித்துவிடும்.

கனமான ஸ்பூனையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெர்ச்சின் காற்றுப்பை மூடியது, உள்ளே இருக்கும் காற்றை அதனால் சட்டென்று வெளியேற்ற முடியாது. பத்து மீட்டருக்குக் கீழிருந்து வேகமாக மேலே வந்தால் பை உப்பி, வயிறு வாய் வழியே பிதுங்கும். திருப்பி விட்டாலும் பல மீன்கள் பிழைப்பதில்லை. அந்த ஆழத்தில் விரல் நீளக் குஞ்சுகளே தொடர்ந்து கடித்தால் ஸ்பூனை மாற்றிப் பயனில்லை. நரம்பைச் சுற்றிக்கொண்டு, ஆழம் குறைந்த இடத்தில் புதுத் துளை போடுங்கள். போகும் வழியில் பனிக்கட்டியின் கனத்தையும் பாருங்கள். நடப்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது வேண்டும், வெண்மையாக இருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு.