டர்ட்டி சோடா: காபி குடிக்காத ஊரின் காபிக் கடை

யூட்டா மாநிலத்துக்கு வேலைக்கு வருகிற நம்மவர்கள் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள்: "இந்த ஊர்ல எதுக்கு இத்தனை சோடா கடை?" ஸ்டார்பக்ஸ் இல்லாமல் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் கார்கள் சாலை வரைக்கும் வரிசை கட்டி நிற்பது சோடா கடை வாசலில்தான்.

ப்ரோவோ, ஓரெம் இருக்கிற யூட்டா கவுன்ட்டியில் பெரும்பாலானவர்கள் மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையார். மது, புகையிலை, காபி, தேயிலை நான்கும் அவர்களுக்கு ஆகாது. கோக், பெப்சிக்குத் தடை இல்லை. கையில் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு நாலு பேரோடு ஊர்க்கதை பேச மனுஷனுக்கு ஓர் இடம் வேண்டுமே. டீக்கடை இல்லாத ஊரில் அந்த இடத்தைச் சோடா கடை பிடித்துக்கொண்டது. 2010-ல் செயின்ட் ஜார்ஜ் நகரில் ஸ்விக் என்ற கடை தொடங்கியது. கோக்கில் தேங்காய் சிரப்பும் எலுமிச்சையும் சேர்த்து 'டர்ட்டி' என்று பெயர் வைத்து விற்றார்கள். பிறகு ப்ரோவோவில் சோடலீஷியஸ் வந்தது. 'டர்ட்டி' யாருக்குச் சொந்தம் என்று 2015-ல் ஸ்விக் வழக்குப் போட்டு, 2017-ல் இரண்டு பேரும் சமாதானமாகப் போனார்கள். சோடாவில் சிரப் ஊற்றுவதற்குக் கோர்ட்டுக்குப் போன ஊர் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் எழுதுவது அந்த இரண்டு கடைகளைப் பற்றியும் அல்ல. ஓரெமில், ப்ரோவோ எல்லையை ஒட்டி இருக்கிற ஒரு சின்னக் கடை. குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

இதை எழுத எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. நான் பெரம்பூர்க்காரன். பள்ளி முடிக்கும் வயதில் மார்மன் சபையில் சேர்ந்தேன். பிறகு இரண்டு வருடம் அவர்களுடைய பெங்களூரு மிஷனில் ஊழியம் செய்தேன். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பலகை, பக்கத்தில் எப்போதும் ஒரு கம்பானியன், அதாவது ஜோடி ஊழியர். காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் போன் (2019-லிருந்து வாரம் ஒரு தடவை பேசலாமாம், கொடுத்துவைத்த பிள்ளைகள்). இன்று எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வேலை நிமித்தமாக, போயும் போயும், அவர்கள் தலைநகருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். காலையில் ஃபில்டர் காபி குடிக்கிறேன். மாலையில் அவ்வப்போது இந்தச் சோடா கடைக்கும் போகிறேன்.

கடைக்குள் உட்கார இடம் கிடையாது. வெளியே இரண்டு பெஞ்ச், மற்றதெல்லாம் கார் வரிசைதான். கல்லூரிப் பிள்ளைகள் டேப்லெட்டும் கையுமாகக் கார் கார் ஆக வந்து ஆர்டர் எடுக்கிறார்கள். பேச்சில் அத்தனை இனிமை. அதில் பாதி மிஷனில் கற்றுக்கொண்டதாக இருக்கும். முன்பின் தெரியாதவரிடம் சிரித்த முகமாகப் போய் நிற்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ப்ரோவோவில் மிஷனரிகளுக்கான பயிற்சி மையம் இங்கிருந்து சில நிமிடம்தான். பிள்ளையை அங்கே விடப் போகிற குடும்பங்களைச் சில நாள் வரிசையில் பார்க்கலாம். பின் சீட்டில் புத்தம் புதுக் கோட்டோடு ஒரு பையன், முன் சீட்டில் மூக்கை உறிஞ்சும் அம்மா, எல்லோர் கையிலும் ஆளுக்கொரு சோடா.

அளவு 16, 24, 32, 44 அவுன்ஸ். 44 என்பது ஒன்றே கால் லிட்டருக்கும் மேல். அதை ஒரே ஆள் குடிக்கிறார். முதலில் ஐஸ் போடுகிறார்கள். கட்டி ஐஸ் இல்லை. ஜவ்வரிசியைக் கொஞ்சம் பெரிதாக்கினது போலச் சின்னச் சின்ன உருண்டை. கடைசியில் அதை மென்று தின்ன நன்றாக இருக்கும். அதன்மேல் சிரப், பிறகு சோடா, மேலே பாலேடு. டாக்டர் பெப்பர் என்ற சோடாவில் தேங்காய் சிரப்பும் பாலேடும் சேர்ந்ததுதான் இங்கே அதிகம் போகிறது. பாலேடு சோடாவில் இறங்கும்போது வெண்புகை மாதிரி சுழன்று சுழன்று கீழே போகும். முதல் வாய் அருமை. பத்தாவது வாயில் தித்திப்பு தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். பாதிக்கு மேல் போனால் ஐஸ் கரைந்து, பாலேடு பிரிந்து, சளிக்கு அம்மா கொடுத்த மருந்து நினைவுக்கு வரும். மௌன்டன் டியூவில் மாம்பழக் கூழ் சேர்ப்பதை மட்டும் ஆர்டர் செய்யாதீர்கள். அல்போன்சா என்றொரு பழம் உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

வாங்க வேண்டியது டயட் கோக்கில் தேங்காய் சிரப், அதுவும் பாதி அளவு, நிறைய எலுமிச்சை. பாலேடு வேண்டாம். வெயில் நாளில் இளநீரும் பன்னீர் சோடாவும் பாதிப் பாதி கலந்த ருசி. கூடவே ரோஸ் நிற ஐசிங் வைத்த சர்க்கரை பிஸ்கட் விற்கிறார்கள். குளிர வைத்துத் தருவார்கள். அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். 12 அவுன்ஸ் டயட் கோக்கில் 46 மில்லிகிராம் கஃபீன். 44 அவுன்ஸ் டம்ளரில் பாதியை ஐஸ் அடைத்துக்கொண்டாலும் மிச்சத்தில் ஏறக்குறைய ஒரு கப் காபியின் கஃபீன் வந்துவிடுகிறது. கஃபீன்தான் பிரச்சினை என்று ஒரு காலத்தில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை, கோலா குடிக்கலாம் என்று 2012-ல் சபையே சொல்லிவிட்டது. அப்படியும் அவர்களுடைய பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கஃபீன் சோடா விற்க 2017 ஆனது. ஆக, ஆகாதது கஃபீன் இல்லை, காபியும் தேயிலையும்தான். ஏன்? 1833 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலம் கர்ட்லண்டில், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு அப்படி வெளிப்பாடு வந்தது. அவர் வகுப்பு எடுத்த மாடி அறையில் ஆண்கள் புகையிலை மென்று துப்பித் துப்பித் தரையை நாசமாக்கியதையும், அதைக் கழுவ வேண்டியிருந்த அவர் மனைவி எம்மாவின் முணுமுணுப்பையும் ஜோசப் ஸ்மித்துக்குப் பிறகு சபைத் தலைவரான பிரிகாம் யங்கே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த வெளிப்பாட்டில் இருப்பது 'சூடான பானங்கள்' என்ற சொல்தான்; காபி, தேயிலை என்பது பிறகு கொடுத்த விளக்கம். கட்டளையாக அல்ல, ஆலோசனையாகத்தான் கொடுக்கப்படுகிறது என்று முதல் வரிகளிலேயே எழுதியிருக்கிறது. இறைச்சியைக் கொஞ்சமாக, குளிர்காலத்திலும் பஞ்சத்திலும் மட்டும் சாப்பிடுங்கள் என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஜூலை மாதம் இந்த ஊர்ப் பூங்காக்களில் பார்பிக்யூ புகை எழும்பும்போது யாருக்கும் அந்த வரி ஞாபகம் வருவதில்லை.

மிஷனில் எனக்கு இதெல்லாம் கேள்வியே இல்லை. கோயம்புத்தூரில் இருந்தபோது வாரத்தில் பல வீடுகள். நம் ஊரில் விருந்தாளி உட்கார்ந்ததும் அடுப்பில் பால் ஏறிவிடும். வேண்டாம் என்றால் சங்கடம். சாதி பார்க்கிறானோ, சுத்தம் பார்க்கிறானோ என்று முகம் சுருங்கும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பாட்டி நேராகவே கேட்டார்: "ஏங்கண்ணு, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சா உங்க சாமி கோவிச்சுக்குமா?" எங்களிடம் பதில் தயாராக இருந்தது. உடல் ஒரு ஆலயம் என்று ஆரம்பித்தோம். பாட்டி முழுக்கக் கேட்கவில்லை. பேரனைக் கூப்பிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு எடுத்துக் கொடுத்து, பெட்டிக்கடைக்கு அனுப்பினார். அவன் இரண்டு பாட்டில் கலர் வாங்கி வந்தான். டீ என்றால் வீட்டுப் பாலோடு முடிந்திருக்கும். கடவுள் பேரைச் சொல்லி நாங்கள் அந்த வீட்டுக்கு வைத்த செலவு அது. பல வீடுகளில் இதே கதைதான். எங்களுக்குத் தடையில்லாத பானம் அவர்களுக்கு ஆடம்பரமாக இருந்தது. ஓரெமில் 44 அவுன்ஸ் டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேரன் ஓடின ஓட்டம்தான் ஞாபகம் வருகிறது.

நம்பிக்கை போனது காபியால் இல்லை. நான் ஊழியத்தில் இருந்த அதே காலத்தில், 2013 கடைசியிலிருந்து, சபை தன் வரலாற்றைப் பற்றித் தன் இணையதளத்தில் கட்டுரைகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. ஊர் திரும்பி, ராத்திரி ஷிப்டில் வேலை பார்க்கும்போதுதான் படித்தேன். நாங்கள் வீடு வீடாகக் கொண்டுபோன படத்தில் ஜோசப் ஸ்மித் மேசையில், சபையின் வேதமான மார்மன் புத்தகம் பொறித்திருந்ததாகச் சொல்லும் தங்கத் தகடுகளை வைத்து விரலால் தொட்டு வாசித்துக்கொண்டிருப்பார். கட்டுரையில், தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார் என்று இருந்தது. 2015-ல் அந்தக் கல்லின் புகைப்படத்தையும் வெளியிட்டார்கள். முட்டை வடிவம், பழுப்பு நிறம். ஜோசப் ஸ்மித்துக்கு 30-லிருந்து 40 மனைவியர் இருந்திருக்கலாம், ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறையச் சில மாதம் இருந்தது என்று இன்னொரு கட்டுரை. எதிரிகள் எழுதியதாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். இதை எழுதியது சபையே. அடிக்குறிப்புகள் வேறு.

என்னை அதிகம் குடைந்தது தோல் விஷயம். மார்மன் புத்தகத்தில், இரண்டாம் நேபி ஐந்தாம் அதிகாரத்தில், கீழ்ப்படியாதவர்களுக்குக் கருமையான தோல் வந்ததாக இருக்கிறது. கோவையில் ஒரு பையன், என்னை மாதிரியே நல்ல கறுப்பு, அந்த வசனத்தில் விரலை வைத்து, "அண்ணா, இது நம்மளயா சொல்லுது?" என்று கேட்டான். அமெரிக்கக் கம்பானியன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்மிக அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான்தான் சொன்னேன். கறுப்பினத்து ஆண்களுக்குக் குருத்துவம் 1978 வரை மறுக்கப்பட்டது என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கறுப்புத் தோல் சாபத்தின் அடையாளம் என்ற பழைய விளக்கங்களைச் சபை இப்போது கைவிட்டுவிட்டது. நல்லதுதான். வசனம் அங்கேயேதான் இருக்கிறது.

அந்தக் கம்பானியன் ஐடஹோக்காரன். இப்போது இங்கிருந்து பத்து மைல் தள்ளி, மினிவேன் நிறையப் பிள்ளைகளோடு இருக்கிறான். விசுவாசம் கொஞ்சமும் குறையவில்லை. ஞாயிறு வகுப்பு எடுக்கிறான். அவனைக் காபிக் கடைக்குக் கூப்பிட முடியாது. அவன் கூப்பிடுகிற கோயில் திறப்பு விழாவுக்கு நான் போவதில்லை. மிச்சம் இருப்பது இந்தப் பெஞ்ச். வந்ததும் "சௌக்கியமா எல்டர்?" என்பான், தமிழில் (ஊழியத்தில் ஒருவரை ஒருவர் எல்டர் என்றுதான் கூப்பிடுவோம்). கோவையில் கற்ற தமிழில் அதுவும், "சாப்டீங்களா"வும், "மீட்டர் போடுங்க அண்ணா"வும்தான் மிச்சம். அவனுக்கு 44, எனக்கு 16.

மதம் பற்றிப் பேசுவதில்லை என்று எழுதாத ஒப்பந்தம். ஒரே ஒரு தடவை அவனே மீறினான். "உன்னை விரட்டியது எது, அந்தத் தொப்பியா?" என்றான். எனக்கு அன்றைக்கு வாதம் செய்யத் தெம்பில்லை. "உங்கள் முன்னோர்கள் 1845-ல் இல்லினாய் மாநிலத்து நாவூ ஊரை விட்டு மேற்கே கிளம்பத் தயாரானபோது ஐந்து பேர் குடும்பத்துக்கு என்னென்ன கட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் ஒரு பவுண்டு தேயிலை, ஐந்து பவுண்டு காபி இருக்கிறது. வெளிப்பாடு வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து. நானோ சிங்காநல்லூர்ப் பாட்டியிடம் ஒரு டம்ளர் வாங்கவில்லை" என்றேன். அவன் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். "ஆயிரத்து முன்னூறு மைல் நடக்கணும்னா நானும் குடிப்பேன்டா" என்கிற மாதிரி என்னவோ சொன்னான். அப்புறம் பையனின் கூடைப்பந்துப் பயிற்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

சரி, மதிப்பெண். பானத்துக்கு ஐந்துக்கு இரண்டரை. பிஸ்கட்டுக்கு நாலு. பரிமாறும் பிள்ளைகளுக்கு ஐந்து. ஒரு குறை: "சிரப் பாதி" என்று எத்தனை முறை சொன்னாலும் கை பழக்கத்தில் முழுசாக ஊற்றிவிடுகிறார்கள்; வரிசையை விட்டு நகரும் முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள். விலை அளவைப் பொறுத்து மூன்று டாலரிலிருந்து ஐந்து வரை. குழந்தைகளுக்கு 16 அவுன்ஸ் ஒன்று வாங்கி இரண்டு டம்ளரில் பிரிக்கலாம், கேட்டால் காலி டம்ளர் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஏப்ரல், அக்டோபர் இரண்டிலும் முதல் வார இறுதியில் சபையின் பொது மாநாடு. அந்தச் சனிக்கிழமை இந்தத் தெருப் பக்கமே போகாதீர்கள், ஊரே வரிசையில் நிற்கும்.